டிரம் சாண்டருக்குப் பட்டை வெட்டுவது

பலகையை ஒரே தடிமனுக்குத் தேய்த்துத் தரும் டிரம் சாண்டர் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்றுதான். அடுத்து பெயரிங் எது, தண்டு என்ன தடிமன், டிரம்மைக் கடைந்தது யார். கோயம்புத்தூரில் இந்தக் கேள்விகளுக்குக் கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்ல ஆள் உண்டு. மோட்டாரும் லேத்தும் இந்த ஊருக்குப் புதிதில்லை. டிரம்மைச் சுற்றியிருக்கும் அந்த உப்புத்தாள் பட்டையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. அது தீர்ந்தால் மாற்றிக்கொள்ளும் சமாசாரம், அவ்வளவுதான் என்று நினைப்பு. என் அனுபவத்தில் இந்த இயந்திரத்தின் துல்லியத்தில் பாதிக்கு மேல் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. டிரம்மை லேத்தில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பார்த்துக் கடைந்துவிட்டு, அதன் மேல் ஒரு மில்லிமீட்டர் தடிமனான துணியை ஏறுமாறாகச் சுற்றினால் கடைந்ததற்கு என்ன அர்த்தம்?

இந்த இயந்திரத்தைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. படுக்கை வாட்டில் ஓர் உருளை. அதன் மேல் உப்புத்தாள் பட்டை சுருளாகச் சுற்றியிருக்கும். கீழே ஏற்றி இறக்கக்கூடிய ஒரு மேசை, பெரும்பாலும் அதன் மேல் மெல்ல ஓடும் ஒரு பெல்ட். பலகையை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் ஒரே தடிமனில் தேய்ந்து வரும். அமெரிக்காவில் ஜெட், சூப்பர்மேக்ஸ் மாதிரியான கம்பெனிகள் விற்கும் சின்ன இயந்திரங்களுக்கு 16-32, 19-38 என்று பெயர் இருக்கும். முதல் எண் டிரம்மின் நீளம், அங்குலத்தில். ஒரு பக்கம் திறந்திருப்பதால் பலகையைத் திருப்பிப் போட்டு மீதிப் பாதியையும் தேய்க்கலாம். அதனால் இரண்டாவது எண் அதைப்போல இரண்டு மடங்கு.

நம்ம ஊரில் கதவு, பிளைவுட் தொழிற்சாலைகளில் அகல பெல்ட் சாண்டர்கள் ஓடுகின்றன. சின்னப் பட்டறைக்கு ஏற்ற டிரம் சாண்டர் அவ்வளவாகக் கடைகளில் கண்ணில் படாது. இறக்குமதி செய்யலாம், அல்லது நாமே கட்டிக்கொள்ளலாம். நான் கட்டிக்கொண்டேன். தடித்த இரும்பு பைப்பின் இரு முனையிலும் தட்டு வைத்து வெல்டு செய்து, 25 மி.மீ. தண்டோடு சேர்த்து லேத்தில் கடைந்து வாங்கினேன். கடைசல் முடிந்த விட்டம் 125 மி.மீ., நீளம் 450 மி.மீ. தண்டைத் தாங்கும் இரண்டு பிளம்மர் பிளாக், நிமிடத்துக்கு 1440 சுற்று மோட்டார், ஒன்றுக்கொன்று சமமான புல்லி. கணக்குப் போட்டால் உப்புத்தாளின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 565 மீட்டர் வருகிறது. மரத்துக்குப் போதும்.

மரத்தை இழைக்கும் இயந்திரமான பிளேனர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். என்னிடம் அடிக்கடி வந்து போகும் ஆசாரி அண்ணன் ஒருவர் கேட்டும்விட்டார். "ஏனுங்க தம்பி, இழைப்புளி போட்டா அஞ்சு நிமிசத்துல முடியற வேல. இதுக்கு இத்தன பாடா?" நேரான தேக்குப் பலகைக்கு அவர் சொல்வது சரிதான். ஆனால் வேங்கையில் நார் இப்படியும் அப்படியும் பின்னிக்கொண்டு வரும். எந்தப் பக்கமிருந்து இழைத்தாலும் ஓரிடத்தில் பெயர்த்துக்கொண்டு வரும். அப்புறம், மெல்லிய சட்டம். நான் செய்யும் சின்னப் பெட்டிகளுக்கு 4 மி.மீ. பலகை வேண்டும். 6 மி.மீ.க்குக் கீழே பிளேனரில் விட எனக்கு மனம் வராது, உள்ளே நொறுங்கிவிடும். கிட்டார் செய்பவர்கள் முதுகுப் பலகையை 2, 3 மி.மீ.க்கு இறக்க டிரம் சாண்டரை நம்புவதும் இதனால்தான். அண்ணனிடம் ஒரு வேங்கைத் துண்டைக் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வேணா சரி" என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

சரி, பட்டைக்கு வருவோம்.

டிரம்மின் முழு நீளத்துக்கும் ஒரே தாளை ஒட்டினால் என்ன? ஒட்டலாம். ஆனால் தாளின் இரு ஓரமும் சந்திக்கும் இடம் தண்டுக்கு இணையான ஒரு நேர்கோடாக அமையும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கோடு முழுதாக ஒரே நேரத்தில் மரத்தில் மோதும். அது துளி தூக்கியிருந்தாலும் பலகையில் படிப்படியாக அலை விழும், இயந்திரமும் அதிரும். சுருளாகச் சுற்றினால் அந்தச் சந்திப்பு டிரம்மைச் சுற்றிக்கொண்டே போகிறது. எந்த ஒரு கணத்திலும் மரத்தில் படுவது அதன் ஒரு புள்ளிதான். சைக்கிள் ஹேண்டில்பாரில் டேப் சுற்றுவதைப் போன்ற வேலை. ஒரே வித்தியாசம், அங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும், இங்கே எந்தக் காரணத்துக்காகவும் ஏறவே கூடாது.

அந்த ஏறக்கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். புதிதாகச் சுற்றுபவர்கள் பயப்படுவது இடைவெளியைப் பார்த்து. இரண்டு சுற்றுக்கு நடுவே இரும்பு தெரிந்தால் பலகையில் கோடு விழும் என்று நினைத்து நெருக்கி நெருக்கிச் சுற்றுவார்கள். உண்மை நேர்மாறு. ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி இருந்தால் பலகையில் எதுவும் தெரியாது. பலகையின் எந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டாலும், டிரம் ஒரு சுற்று வரும்போது அந்த இடைவெளி அதன் மேல் வருவது சுற்றளவில் ஒரு சிறு பங்குக்குத்தான். மீதி முழுக்க உப்பு, அதாவது பட்டையில் ஒட்டியிருக்கும் மணிகள், தேய்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் பட்டை அரை மி.மீ. ஏறியிருந்தால் அந்த இடம் ஒரு முழுத் தடிமன் உயர்ந்து நிற்கும். அந்த மேடு மட்டும்தான் மரத்தைத் தொடும். பலகையின் நீளம் முழுக்க ஒரு பள்ளம் விழும். அந்த இடம் சூடாகும், தூள் அப்பிக்கொள்ளும், மரம் கருகும், கடைசியில் அங்கேயே பட்டை கிழியும். ஆகவே சந்தேகம் வந்தால் இடைவெளி விடுங்கள்.

இனி வெட்டும் கணக்கு. எட்டாம் வகுப்பு வடிவியல்தான், ஆனால் இதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

பட்டை டிரம்மின் ஓரத்தில் சாய்வாகத் தொடங்குகிறது. ஓரத்தோடு ஒட்டி உட்கார வேண்டுமானால் அதன் முனையைச் சாய்த்து வெட்ட வேண்டும். எவ்வளவு சாய்வு? டிரம்மை ஒரு காகிதத்தைப் போல விரித்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாய்வாக வெட்டிய முனை டிரம்மின் ஓரத்தை ஒரு முழுச் சுற்று தழுவுகிறது. அப்படியானால் அந்தச் சாய்ந்த வெட்டின் நீளமே டிரம்மின் சுற்றளவு. என் டிரம்முக்கு 125 பெருக்கல் 3.14, சுமார் 393 மி.மீ. பட்டையின் அகலம் 75 மி.மீ. ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. கர்ணம் 393, ஒரு பக்கம் 75. மூன்றாவது பக்கம், அதாவது பட்டையின் விளிம்பு வழியாக அளக்க வேண்டிய நீளம், 386 மி.மீ.

பெரும்பாலானவர்கள் சுற்றளவையே, அதாவது 393ஐயே, விளிம்பு வழியாக அளந்துவிடுகிறார்கள். 7 மி.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றும். கணக்கைத் தொடர்ந்து பாருங்கள். விளிம்பில் 393 அளந்து வெட்டினால், பட்டை ஒரு சுற்றுக்கு டிரம்மின் நீளவாட்டில் சரியாக 75 மி.மீ. நகரும். ஆனால் சாய்ந்து கிடக்கும் பட்டை டிரம்மின் நீளவாட்டில் அடைத்துக்கொள்ளும் இடம் 75 இல்லை, 76.35. எனவே ஒவ்வொரு சுற்றிலும் பட்டை தன் மேலேயே 1.35 மி.மீ. ஏற வேண்டும். வெட்டிய ஓரத்தை டிரம்மின் ஓரத்தோடு அச்சாகப் பொருத்தி ஒழுங்காகச் சுற்றுகிறவர்களுக்குத்தான் இது நடக்கும். கவனமாகச் செய்தும் ஏன் ஏறுகிறது என்று தலையைச் சொறிவார்கள்.

நான் விளிம்பில் 380 மி.மீ. வைக்கிறேன். அப்படி வைத்தால் ஒரு சுற்றுக்கு 77.5 மி.மீ. நகர்கிறது, பட்டை எடுத்துக்கொள்வது 76.5. சுற்றுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. இடைவெளி தானாகவே கிடைக்கிறது. சுற்றும்போது கண்ணால் பார்த்துப் பார்த்து விடவேண்டியதில்லை, சாய்வே பார்த்துக்கொள்கிறது. உங்கள் டிரம் வேறு அளவாக இருந்தால் கர்ணக் கணக்கைப் போட்டு, வரும் விடையில் ஐந்தாறு மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவைக் கணக்கில் மட்டும் நம்பாமல் ஒருமுறை நேராகவும் அளந்துவிடுவது நல்லது. ஒரு காகிதத்தை டிரம்மில் இறுக்கிச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்று வரும் இடத்தில் பிளேடு முனையால் குத்தினால் இரண்டு அடுக்கிலும் துளை விழும். விரித்து இரண்டு துளைக்கும் இடையே அளந்தால் அதுதான் சுற்றளவு.

மறுமுனையையும் இதே சாய்வில், இதே திசையில் வெட்ட வேண்டும். விரித்து வைத்தால் பட்டை இணைகரமாக இருக்கும். இரு முனையும் எதிரெதிராகச் சாய்ந்து, தோணி மாதிரி வந்தால் அது தவறு. இணைகரம் என்பதால் இரண்டு லாபம் உண்டு. முதல் லாபம், ரோலில் வீணாவதில்லை. ஒரு பட்டையின் கடைசி வெட்டுதான் அடுத்த பட்டையின் முதல் வெட்டு. என் பட்டை முனைக்கு முனை 2.70 மீட்டர். ஆனால் ரோலில் ஒவ்வொன்றும் தின்பது 2.33 மீட்டர்கூட இல்லை. 300 மி.மீ. அகல, 50 மீட்டர் ரோலை நாலாகக் கிழித்தால், தனித்தனியாக 2.70 மீட்டர் துண்டு போட்டு வெட்டுகிறவருக்கு 72 பட்டை வரும். ஒரே வெட்டில் இரண்டு முனையையும் முடிப்பவருக்கு 84. தயாராக வெட்டி விற்கும் பட்டைகளை வாங்குவதா, ரோல் வாங்குவதா என்ற கேள்விக்கு எனக்கு இதுவே விடை. இரண்டாவது லாபத்தைப் பிறகு சொல்கிறேன்.

ரோல் வாங்கும்போது கடைக்காரர் கேட்பது ஒரே கேள்வி: "எத்தன நம்பருங்க?" நம்பர் என்பது மணியின் அளவு, நம்பர் கூடக் கூட மணி சின்னது. அது தவிர நாம் சொல்லவேண்டியவை இன்னும் சில இருக்கின்றன. முதலில் துணி. காகித முதுகு டிரம்முக்கு ஆகாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பட்டையின் முனைகளை டிரம்மில் இழுத்துப் பிடிக்கும் கிளிப்பில் அது நீடிப்பதில்லை. துணியிலும் ஜே, எக்ஸ், ஒய் என்று கனம் உண்டு. ஜே மெலிசு, வளைந்து கொடுக்கும், மூலை முடுக்குகளைக் கையால் தேய்க்க நல்லது, இங்கே நீண்டுவிடும். எக்ஸ் கனம்தான் இதற்குப் பொருத்தம். ஒய் இன்னும் முரட்டுத்தனம், பாலியெஸ்டர் துணியாக இருந்தால் கிழியவே கிழியாது. உப்பைத் துணியோடு ஒட்டும் பிசின் முழுக்க ரெசினாக இருக்க வேண்டும், பழைய முறைப் பசை சூட்டில் இளகும். உப்பு அலுமினியம் ஆக்சைடாக இருந்தால் போதும். சிலிக்கான் கார்பைடு அதைவிடக் கூர்மை, ஆனால் எளிதில் உடைந்து போகும். அதைக் கண்டுபிடித்த எட்வர்ட் அச்சிசன் 1891ல் செயற்கை வைரம் செய்யப் போய்க் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் காய்ச்சியவர். வைரம் வரவில்லை, சிலிக்கான் கார்பைடு வந்தது, அதற்குக் கார்போரண்டம் என்று பெயர். சென்னையில் 1954ல் தொடங்கிய முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் வரை அந்தப் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது. நம் ஹார்டுவேர் கடைகளில் அவர்கள் சரக்கு எளிதாகக் கிடைக்கும்.

நம்பர் விஷயத்தில் என் கருத்து: 80, 120, 150 மூன்றும் போதும். பி 80ல் ஒரு மணியின் சராசரி அளவு 201 மைக்ரான், பி 120ல் 125, பி 180ல் 82, பி 220ல் 68. டிரம் சாண்டரில் 220 போட்டு ஒரே ஓட்டத்தில் பளபளப்பாக எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் கருகல் கோட்டைத்தான் எடுப்பார்கள். மணி சின்னதாக ஆக ஆக நடுவில் தூள் போக இடமில்லை. 60க்கும் கீழே போனால் கீறல் ஆழமாகி, அதை அழிக்கவே பாதி மரம் போய்விடும்.

வெட்டும் வேலைக்கு வருவோம். ரோலை மேசையில் உப்புப் பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, முதுகில் கோடு போடுகிறேன். நீளவாட்டில் நாலாகப் பிரிப்பதற்குக் கத்தியே வேண்டாம். ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்துவிட்டு இழுத்தால் பருத்தித் துணி நூல் போன வழியே நேராகக் கிழிந்துகொண்டு போகும். ஹார்டுவேர் கடையில் எமரி துணியை அப்படித்தான் கிழித்துத் தருவார்கள். அது குறுக்கு நூல், இது நெடுக்கு நூல், அவ்வளவுதான். சாய்வு வெட்டுக்கு நூல் உதவாது. இரும்பு ஸ்கேல் வைத்து, கட்டர் கத்தியால் முதுகில் ஒருமுறை அழுத்தி இழுத்து, துணி அறுந்ததும் மடித்தால் உப்புப் படலம் உடைந்து வரும். உப்புப் பக்கமிருந்து வெட்டினால் ஒரே வெட்டில் பிளேடு மொட்டையாகிவிடும்.

முதுகில் கோடு போடுவதில் ஒரு பொறி இருக்கிறது. டிரம்மில் சுற்றும்போது நாம் பார்ப்பது உப்புப் பக்கம். முதுகில் போட்ட சாய்வு அங்கே கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறிவிடும். இடமிருந்து வலமாகச் சுற்ற வேண்டிய பட்டை எதிர்ச் சுற்றாக வந்து நிற்கும், கிளிப் இருக்கும் இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. இதற்குச் சுலபமான வழி, முதலில் பழுப்புத் தாளில் ஒரு பட்டை வெட்டி டிரம்மில் சுற்றிப் பார்த்துவிடுவது. பொருந்தினால் அதன் மேல்பக்கத்தில் "உப்பு" என்று எழுதி, அதையே 3 மி.மீ. ஹார்டுபோர்டில் வரைந்து வெட்டி வைத்துக்கொள்ளலாம். முழு நீளத்துக்கு வேண்டாம், சாய்வு முனை மட்டும் போதும். என் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது அது. அளவுகோல் இல்லாமலே வெட்டி முடித்துவிடலாம்.

வெட்டிய ஓரங்களில் பிடிப்பில்லாத மணிகள் நிற்கும். அப்படியே போட்டால் அவை பலகைக்கும் டிரம்முக்கும் நடுவே உருண்டு ஆழமான கீறல் போடும். பழைய பட்டைத் துண்டு ஒன்றால் ஓரங்களை ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டால் போதும். அப்புறம் சாய்வின் கூர்முனை. ஊசி மாதிரி முடியும் துணியைக் கிளிப் பிடிக்காது. அகலம் 25 மி.மீ. வரும் இடத்தில் முனையை நறுக்கிவிடுங்கள். அதனால் டிரம்மின் ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணம் வெறுமையாக இருக்கும். இருக்கட்டும். இடைவெளிக்குச் சொன்ன அதே காரணம்தான், சுற்றின் மீதிப் பகுதி அந்த இடத்தைத் தேய்த்துவிடும்.

மாட்டுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. கையால் டிரம்மைச் சுழற்றிக்கொண்டுதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

கடையில் வாங்கும் இயந்திரங்களில் டிரம்மின் இரு முனையிலும் ஒரு பிளவும், உள்ளே ஒரு கிளிப்பும் இருக்கும். ஒரு பக்கம் வெறும் பிடி. மறுபக்கம் ஸ்பிரிங் வைத்த பிடி, பட்டை நீளும்போது தானே உள்ளிழுத்துக்கொள்ளும். நானும் அதைப் பார்த்துத்தான் செய்தேன். நிலையான கிளிப் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பது டிரம் சுழலும் திசையைப் பொறுத்தது. சுழலும்போது நிலையான முனை முன்னே போக, பட்டை அதன் பின்னால் இழுபட்டு வர வேண்டும். மரம் பட்டையைப் பின்னோக்கி இழுக்கும். அந்தத் தொய்வு ஒவ்வொரு சுற்றாகத் தள்ளப்பட்டுக் கடைசியில் ஸ்பிரிங் பக்கம் போய்ச் சேரும், ஸ்பிரிங் அதை விழுங்கிவிடும். மாற்றி வைத்தால் தொய்வு நிலையான முனையில் போய்க் குவியும், அங்கே வாங்கிக்கொள்ள ஆளில்லை.

முதல் முனையைக் கிளிப்பில் செருகி, வெட்டிய ஓரத்தை டிரம்மின் ஓரத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். இடது கை டிரம்மைச் சுழற்ற, வலது கை பட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டே வரட்டும். முதல் ஒரு சுற்று ஓரத்தோடு சரியாக உட்கார்ந்துவிட்டால் மீதி தானாகப் போகும். முதல் சுற்று கோணினால் ஆறு சுற்றும் கோணும், அங்கங்கே நகர்த்திச் சரிக்கட்டப் பார்க்காமல் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். கடைசியில் ஸ்பிரிங் கிளிப்பை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு முனையைச் செருக வேண்டும். இங்கே முனை பிளவின் அடியைத் தொடக்கூடாது. அடியில் முட்டி நின்றால் ஸ்பிரிங் இழுக்க வழியில்லை, பட்டை நீண்டதும் தொளதொளவென்று ஆகிவிடும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே போனால் போதும்.

புதுத் துணி கண்டிப்பாக நீளும். சூடாகும்போது இன்னும் கொஞ்சம். எனவே மாட்டியதும் ஒரு நிமிடம் வெறுமனே ஓட விட்டு, நிறுத்தி, விரலால் தட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று பலகை போன பிறகு மறுபடியும். ஸ்பிரிங் கீழே வரை இறங்கியிருந்தால் முனையை எடுத்துத் திரும்பச் செருக வேண்டும். பட்டை கிழிந்தது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது பார்வையைத் தவிர்த்ததால் வந்தவைதான் என்று நினைக்கிறேன். தொய்ந்த பட்டை நகர்ந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது. ஏறிய பிறகு நடப்பதை மேலே சொல்லிவிட்டேன்.

கிளிப்பெல்லாம் எதற்கு, வெல்குரோ ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்று சொல்பவர்கள் உண்டு. டிரம்மில் கொக்கிப் பக்கம், பட்டையின் முதுகில் மெத்துப் பக்கம். மாற்றுவது நொடியில் முடியும், இழுவையே வேண்டாம். முனைகளில் மட்டும் நார் வைத்த டேப்பை ஒரு சுற்று சுற்றிவிட்டால் பிரியாது. மென்மையாக முடிக்கும் வேலைக்கு எனக்கும் அது பிடிக்கும். ஆனால் தடிமன் எடுக்க ஆகாது. உப்புக்குக் கீழே ஒரு மெத்தை இருப்பதால் பலகையின் முனைகள் லேசாக உருண்டுவிடும். மர வளையங்களில் கெட்டியான பகுதிக்கும் மென்மையான பகுதிக்கும் நடுவே மேடு பள்ளம் விழும். இன்னொரு கூட்டம் பட்டையை நேராகப் பசை போட்டு ஒட்டிவிடுகிறது. அடுத்த முறை மாற்றும்போது அதைச் சுரண்டி எடுக்கும் பாடு அவர்களுக்கே தெரியும்.

ஓட்டும் விதமும் பட்டையின் ஆயுளும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. 80 நம்பரில் ஒரு ஓட்டத்துக்கு 0.4 மி.மீ.க்கு மேல் நான் இறக்குவதில்லை, 120ல் அதில் பாதி. பலகையை எப்போதும் டிரம்மின் சுழற்சிக்கு எதிராகத்தான் கொடுக்க வேண்டும். அடியில் டிரம்மின் பரப்பு நம்மை நோக்கி வரவேண்டும். சுழற்சியோடு சேர்த்துக் கையால் தள்ளினால் டிரம் பலகையைப் பிடுங்கி மறுபக்கம் எறிந்துவிடும், கூடவே கையும் போகும். நேராகக் கொடுக்காமல் பத்து பதினைந்து டிகிரி சாய்த்துக் கொடுத்தால் தேய்மானம் பரவும். எப்போதும் நடுவிலேயே கொடுக்காமல் இடது வலது மாற்றிக் கொடுங்கள்.

தூளை இழுக்கும் குழாய் பலவீனமாக இருந்தால் வேறெதைச் செய்தும் பயனில்லை. டிரம்மைச் சுற்றியே தூள் சுழன்று உப்புக்கு நடுவில் அடைத்துக்கொள்ளும். அடைத்த இடம் வெட்டாது, உரசும், சூடாகும், துணி நீளும். நமக்கும் நல்லதல்ல. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே சேர்த்துவிட்டது. முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

அடைத்ததை எடுக்க க்ரேப் ரப்பர் கட்டி விற்கிறார்கள். செருப்பு தைக்கும் கடையில் கிடைக்கும் க்ரேப் சோல் துண்டும் அதே வேலையைச் செய்யும், ஏனென்றால் அதுவும் அதே இயற்கை ரப்பர்தான். ஓடும் டிரம்மில் மேசை வழியாக ஒரு நீளத் துண்டைக் கட்டையில் ஒட்டிக் கொடுத்தால் தூள் உருண்டு வந்துவிடும். தேக்கு மட்டும் இதற்கு முழுதாக மசியாது. அதன் எண்ணெய் பிடித்துக்கொள்கிறது, மரத்துக்குள் இருக்கும் சிலிக்கா மணியை மழுங்கடிக்கிறது. தேக்கு ஓட்டினால் பட்டைச் செலவு கூடுதல் என்று விலையிலேயே சேர்த்துவிடுவேன்.

எவ்வளவு பார்த்தாலும் ஒரு நாள் ஓரிடத்தில் பட்டை கருகும். முடிச்சில் இருக்கும் பிசின் போதும் அதற்கு. பலகையின் நீளத்துக்கு ஒரு பழுப்புக் கோடு வரும், டிரம்மில் அதே இடத்தில் கருப்பாகப் பளபளக்கும் ஒரு திட்டு தெரியும். இங்கேதான் இணைகரத்தின் இரண்டாவது லாபம். இணைகரத்தை அரைச் சுற்று திருப்பினால் அதே வடிவம்தான். பட்டையைக் கழற்றி, வலது முனை இடது கிளிப்பில் வரும்படி மாட்டினால் அப்படியே பொருந்தும். இடது ஓரத்தில் இருந்த கருகல் வலது ஓரத்துக்குப் போய்விடும். சின்னப் பலகைகளை எப்போதும் இடது பக்கமே ஓட்டுகிறவருக்கு ஏறக்குறைய புதுப் பட்டை கிடைத்த மாதிரி. கருகல் நடுவில் இருந்தால் இந்த வித்தை பலிக்காது, அதை வெட்டிக் கையால் தேய்க்க வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பட்டை மாற்றியதும் மேசையின் அளவுக் குறியை நம்பாதீர்கள். 80 நம்பர் துணியும் 150 நம்பர் துணியும் ஒரே தடிமன் இல்லை. மெல்லிய பட்டைக்கு மாறினால் பலகை டிரம்மைத் தொடாமலே போகும், தடித்ததற்கு மாறினால் முதல் பலகையிலேயே மோட்டார் முனகும். டிரம்மைக் கையால் சுழற்றிக்கொண்டே மேசையை ஏற்றி, பட்டை பலகையை லேசாக உரசும் சத்தம் கேட்கும் இடத்தைப் புதுப் பூஜ்யமாக வைத்துக்கொள்கிறேன். இரு ஓரத்திலும் ஒரே தடிமனான இரண்டு குச்சிகளை ஓட்டி, வெர்னியரில் அளந்து பார்த்தால் மேசை கோணியிருப்பதும் தெரிந்துவிடும்.

மழைக்காலத்தில் ரோலைச் சிமெண்ட் தரையில் வைக்காமல் தூக்கி வையுங்கள். ஈரம் ஏறினால் துணி சுருண்டுகொள்ளும், சுருண்ட பட்டை டிரம்மில் ஓரம் தூக்கும். வெட்டிய பட்டைகளை நான் நம்பர் எழுதி, உப்புப் பக்கம் வெளியே இருக்கும்படி டிரம்மின் விட்டத்துக்கே சுருட்டி, பிவிசி பைப் துண்டுகளில் மாட்டி வைக்கிறேன்.

150க்கு மேல் இந்த இயந்திரத்தில் நான் போவதில்லை. டிரம் விடும் கீறல்கள் எல்லாம் நேர்கோடுகள், நாரோடு சேர்ந்து ஒளிந்துகொள்ளும், பாலிஷ் போட்டதும் தலைகாட்டும். ஆகவே 150 ஓட்டியதும் பலகையை எடுத்து மேசையில் வைத்து, வட்டமாக அசைந்து தேய்க்கும் ஆர்பிட்டல் சாண்டரில் மறுபடியும் அதே 150ல் தொடங்கி, 180, 220 என்று போகிறேன்.